பதிவேட்டில் ஏறிய நுரையீரல்

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், மேலே ஏறினால் எங்கள் தோட்டம் வரும். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இன்னும் வேலை செய்கிறவர்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு அந்தத் தோட்டத்தில், குத்துவிளக்கு, ரிப்பன், கத்தரிக்கோல் சகிதம் ஒரு நுரையீரல் ஆய்வு நிலையம் திறந்து வைக்கப்பட்டது. அதன் உதவி ஆய்வாளனாக நான் நியமிக்கப்பட்டேன். இந்தக் கதையில் முட்டாள்கள் சிலர் வருவார்கள். முதல் ஆள் நான்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்கள் தேடிக் களைக்க வேண்டாம்.

என் பெயர் றோலண்ட். அப்பா சூசைரட்ணம், வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் பங்களாவில் சமையல்காரர். துரைசாணியின் பெயர் ஐவி. அக்கா பிறந்ததும் அந்தப் பெயரை அவளுக்கு வைத்தார். ஆறு வருஷம் கழித்து நான் பிறந்தேன். றோலண்ட் என்பதும் அந்தப் பங்களாவில் கேட்ட பெயர்தான். அது துரையின் நாயினுடைய பெயர் என்பது எனக்குப் பத்தாம் வகுப்பில்தான் தெரிய வந்தது. அப்பாவிடம் கேட்டதற்கு, அந்த வீட்டில் துரையைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம், அதனால்தான் வைத்தேன் என்றார்.

ஆய்வு நிலையம் வந்ததற்குக் காரணம் ஐவி அக்காவின் இருமல்.

அக்காவுக்கு வேலை ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்லுவோம். அங்கே காய்ந்த தேயிலையைச் சல்லடைகளில் ஆட்டித் தரம் பிரிக்கிற அறை ஒன்று இருக்கிறது. சல்லடை ஆடும்போது தேயிலையில் இருந்து பழுப்பு நிறத்தில் ஒரு பஞ்சு கிளம்பும். அது தலையில், புருவத்தில், மூக்குக்குள், தொண்டைக்குள் எல்லாம் போய் உட்காரும். ஜன்னலைத் திறந்தால் தேயிலைக்கு ஈரம் ஏறிவிடும் என்பதால் ஜன்னலைத் திறக்கக் கூடாது. தேயிலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் அந்த ஸ்டோரில் எல்லாரும் கவனமாக இருந்தார்கள். அந்த அறையில் ஒன்பது வருஷம் நின்ற பிறகு அக்காவுக்கு ஓர் இருமல் பிடித்தது. பேசினால் இருமல், சிரித்தால் இருமல், மாதா கோயில் பூசையில் சாமியார் கை உயர்த்தும் நேரம் பார்த்து இருமல்.

அவள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. அதே ஸ்டோரில் மேல் மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டும் தளம் இருக்கிறது. அங்கே தூசு கிடையாது, நாலு பக்கமும் காற்று. தன்னை அங்கே மாற்றிவிடச் சொன்னாள். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவளைச் சலிக்கும் அறைக்கு அனுப்பியதே நான்தான். அட்டன் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்திலேயே இங்கிலீசில் கடிதம் எழுதத் தெரிந்த ஒரே வாலிபன் என்று எனக்கு ஒரு நினைப்பு. மலையில் கொழுந்து எடுத்தால் மழை, குளிர், அட்டைக் கடி. ஸ்டோரில் என்றால் கூரைக்குக் கீழே உள்வேலை. அதற்கு எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் தனி மதிப்பு. ஆகவே, ‘மேற்படி ஐவி கடும் உழைப்பாளி, திடகாத்திரமான உடல்நலம் உடையவர்’ என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். வேலை கிடைத்தது. உடல்நலத்தைப் பற்றி நான் எழுதியதை அந்த அறை ஒன்பது வருஷத்தில் பொய்யாக்கிவிட்டது.

அக்காவின் விண்ணப்பத்தை ஸ்டோரைப் பார்க்கும் டீமேக்கர் இராமையா பெரிய துரைக்கு அனுப்பினார். பெரிய துரை கொழும்புக்கு அனுப்பினார். தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போய், துரைமார் எல்லாரும் நம் நாட்டுக்காரர்களாக ஆகிவிட்ட காலம் அது. துரை என்ற சொல் மட்டும் போகவில்லை. ஏழு மாதம் கழித்து, தோட்டங்களை நிர்வகிக்கும் கொழும்புச் சபையில் இருந்து பதில் வந்தது. தேயிலைத் தூசு நுரையீரலைப் பாதிக்கும் என்பது விஞ்ஞான ரீதியாக நிறுவப்படவில்லை. நிறுவப்படாத நிலையில் இடமாற்றம் கொடுத்தால், நிறுவப்படாத ஒன்றைச் சபை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே முதலில் நிறுவுவது, பிறகு மாற்றுவது.

அந்த நாட்களில் திட்டம் என்பது ஒரு நாகரிகம். வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவு திறந்துவிட்டிருந்தார்கள். டெரிலின் சட்டை இல்லாத வாலிபனும் வெளிநாட்டுத் திட்டம் இல்லாத சபையும் வெளியே தலைகாட்ட முடியாது. ஒரு சபை பட்டுப்பூச்சி வளர்த்தது. இன்னொரு சபை கணினி ஒன்றை வரவழைத்து, தூசு படாமல் கம்பளி போட்டு மூடி வைத்திருந்தது. எங்கள் சபைக்கு நுரையீரல் வாய்த்தது.

காலியாகக் கிடந்த பழைய சின்னத் துரை பங்களாவில் நிலையம் அமைந்தது. பணிப்பாளர் கலாநிதி அபேகோன் வெளிநாட்டில் ஆறு மாதப் பயிற்சி முடித்து வந்தவர். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். வெள்ளைக் கோட்டோடுதான் அட்டனுக்கு முடி வெட்டவே போவார். நானும் ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கிக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் போனால் பிள்ளைகள் ஊசி போட வருகிறேன் என்று ஓடும். எனக்கு அது பெருமையாக இருந்தது.

முதல் நாளே நான் அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். அவர் பேசியது இங்கிலீசில், நான் தமிழில் தருகிறேன்.

“சேர், சலிக்கும் அறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு இருமல். கூப்பிட்டுப் பார்த்தால் ஒரு நாளில் முடிந்துவிடும்.”

“மனிதர்கள் ஆய்வுக்கு நல்ல மாதிரிகள் அல்ல, றோலண்ட். வெற்றிலை போடுவார்கள், விறகுப் புகையில் சமைப்பார்கள், பனியில் நனைவார்கள். எந்த இருமல் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? நமக்கு வேண்டியது நுரையீரல் மட்டும். அதற்கு ஆள் தேவையில்லை.”

நியாயமாகச் சொன்னால், அவர் சொன்னதில் தப்பில்லை. யாரோ ஒரு மனிதருடைய நுரையீரலில் இருந்து ஒரு துணுக்கை எடுத்து, போத்தலில் ஊட்டத் திரவம் ஊற்றி, உடல் சூட்டில் வைத்தால், அதன் கலங்கள் தாமாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். கலம் என்றால் உடம்பைக் கட்டியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறை. நஞ்சை மனிதன் மேல் போட்டுப் பார்ப்பதற்குப் பதில் அந்தக் கலங்கள் மேல் போட்டுப் பார்க்கலாம். உலகத்தில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றக்கூடிய யோசனை அது. எங்கள் மலைக்கு ஏறி வருவதற்குள் அதற்கு ஒரு கோப்பும் இலக்கமும் போட்டுவிட்டார்கள்.

கலங்கள் ஐஸ் பெட்டியில் விமானம் ஏறி, ரயில் ஏறி, அட்டனில் இருந்து ஜீப்பில் வந்து சேர்ந்தன. அவற்றுக்குப் பெயர் எல்.என். 7. கூடவே ஒரு தாள் வந்தது. எந்த உடம்பில் இருந்து எடுத்தது, எந்த ஆண்டு, எந்த ஊர், இது தொண்ணூற்று நாலாவது தலைமுறை என்று அதில் துப்புரவாக எழுதியிருந்தது. சுங்கத்தில் அதைப் பார்த்து ஒரே வாரத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எங்கள் தாத்தா பிறந்த தாள் கிடைக்காததால் எங்கள் குடும்பத்தின் பிரஜாவுரிமை விண்ணப்பம் பதினோரு வருஷமாக ஒரு மேசையில் இருந்தது. தொண்ணூற்று நாலு தலைமுறைக்குத் தாள் வைத்திருந்த அந்தப் போத்தல்களின் முன்னால் நான் கொஞ்சம் பணிவாகவே நடந்துகொண்டேன்.

அவற்றைப் பராமரிக்கும் விதிகளைப் பணிப்பாளர் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். எந்நேரமும் முப்பத்தேழு பாகை சூடு. வடிகட்டிய காற்று. மும்முறை காய்ச்சி வடித்த தண்ணீர். மூன்று நாளைக்கு ஒருதரம் புது உணவு. மூச்சு விட வசதியாகப் போத்தல் மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்தல். கீழே லயத்தில் பன்னிரண்டு காம்பராவுக்கு, அதாவது பன்னிரண்டு வீட்டுக்கு, ஒரே ஒரு தண்ணீர்ப் பீலி. விடிகாலைக் குளிரில் பிள்ளைகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் கிடக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் விதி ஐந்தை மனப்பாடம் செய்வதில் மும்முரமாக இருந்தேன்.

காலையில் ஆறரைக்குத் தோட்டத்தில் பெரட்டு. ஆட்களை நிறுத்தி எண்ணி, பேர் போட்டு, மலைக்கு அனுப்புவார்கள். எட்டு மணிக்கு எங்கள் நிலையத்திலும் பெரட்டு. ஒரு சொட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கலங்களை எண்ணி நான் பேர் போடுவேன். தோட்டத்தில் எண்ணப்படுவது எதுவானாலும் தோட்டப் படிவத்தில்தான் வர வேண்டும் என்று கொழும்பில் இருந்து உத்தரவு. அந்தப் படிவத்தில் ஆண், பெண், பிள்ளைகள் என்று மூன்று நிரல்கள். நான் யோசித்துப் பார்த்து, பெரும்பாலானவை முதல் நாள்தான் பிரிந்து பிறந்தவை என்பதால், எல்லாவற்றையும் பிள்ளைகள் நிரலில் போட்டேன். ஒரு மாதம் கழித்து, இத்தனை லட்சம் பிள்ளைகளுக்கும் தோட்டத்தில் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா இருக்கிறதா என்று கேட்டுக் கடிதம் வந்தது. இருக்கிறது, சூடாகவும் இருக்கிறது என்று பதில் போட்டோம்.

இனித் தூசைக் கலங்கள் மேல் தூவிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல். கிருமி உள்ள எதையும் கலங்களுக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. தூசு என்றால் கிருமி இருக்கும். ஆகவே தூசைச் சுத்தம் செய்ய வேண்டும். டீமேக்கரிடம் ஒரு டப்பா தூசு வாங்கி, தண்ணீரில் கலந்து, அழுத்தக் கொதிகலனில் வைத்தோம். இறக்கியபோது அது அருமையான சாயத் தேத்தண்ணீராக இருந்தது. பணிப்பாளர் ஒரு கோப்பை குடித்துப் பார்த்தார், தரம் நன்று என்று குறிப்பு எழுதினார். அதைக் கலங்களுக்கும் ஊற்றினோம். அவை ஒன்றும் சொல்லவில்லை. இப்படித் தூசைச் சுத்தம் செய்யும் வழி தேடுவதில் பதினான்கு மாதம் போனது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து கோயில் படியில் அக்கா என்னிடம் கேட்பாள்.

“ஒங்க கலம் ஏதாச்சும் சொல்லுச்சா தம்பி?”

“இன்னும் இல்லக்கா. ஆராய்ச்சி நடக்குது.”

“கொஞ்சம் சுருக்கா சொல்லச் சொல்லு. என்னால படி ஏற முடியல.”

படி என்பது கோயிலின் ஏழு படிகள். அவள் நாலாவதில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் கேட்பாள். நான் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, விஞ்ஞானம் அவசரப்படாது என்பதை அவளுக்கு விளக்குவேன்.

எண்பத்தோராம் ஆண்டு ஆடி மழையில் நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து வரும் மின்கம்பி மேல் மரங்கள் சாய்ந்தன. கரண்டு போனது. பணிப்பாளர் கொழும்பில், குளிர்ப் பிரதேசத்தில் கலங்களைக் காப்பது எப்படி என்று கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார். தொலைபேசிக் கம்பியும் அறுந்து கிடந்தது. அடைகாப்புப் பெட்டியின் சூடு முப்பத்தேழில் இருந்து முப்பதுக்கு வந்தது, இருபத்தாறுக்கு வந்தது. இந்தத் தோட்டத்தில் கரண்டு இல்லாமல் சூடு இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் விறகு அடுப்பு. ஆறு போத்தல்களையும் என் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடினேன்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரத்தட்டு. வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், முப்பத்தேழு. அந்தத் தட்டு சலிக்கும் அறையின் திறந்த வாசலுக்கு நேரே இருந்தது. ஸ்டோருக்குச் சொந்த எஞ்சின் இருந்ததால் சல்லடைகள் ஆடிக்கொண்டிருந்தன. நான் போத்தல்களை வரிசையாக அடுக்கி, விதி ஐந்தின்படி மூடிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

அக்கா உள்ளே இருந்து வந்து பார்த்தாள். தலைமுதல் கால்வரை பழுப்பு. “என்னடா இது, நுரையீரல்னு சொல்லுவியே அதுவா? இத எதுக்கு இங்க கொண்டாந்த? தூசுடா தம்பி, செத்துப் போயிரும்” என்றாள். சொல்லிக்கொண்டே தன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிப் போத்தல்களை மூடினாள். நான் அந்தத் துண்டை எடுத்து அவளிடமே கொடுத்தேன். மூடினால் கலங்களுக்கு மூச்சு முட்டும், உனக்கு இது புரியாது என்றேன். அவள் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவள் இருமும் சத்தம் சல்லடைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

நாலாம் நாள் இளஞ்சிவப்பாக இருந்த திரவம் மஞ்சளாகிக் கலங்கிப் போயிருந்தது. நிலையத்துக்குக் கொண்டுபோய் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். பெரட்டுக்கு ஒருவரும் இல்லை.

பணிப்பாளர் வந்து போத்தல்களைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. மறுநாள் எனக்கு எழுத்தில் குற்றப்பத்திரம் வந்தது. ‘நுரையீரல் எனத் தெரிந்திருந்தும், காற்றோட்டமற்றதும் தூசு நிறைந்ததுமான இடத்தில் நாலு நாட்கள் தொடர்ந்து வைத்திருந்தமை.’ வாசித்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“எப்படி உமக்கு மனம் வந்தது, றோலண்ட்? அந்த அறையை நீர் பார்த்ததில்லையா?”

“பார்த்திருக்கிறேன் சேர். ஆனால் சேர், நமக்கு விடை கிடைத்துவிட்டதே. தூசு பட்டு நாலு நாளில் செத்துப் போயின.”

“அது பரிசோதனை இல்லை, விபத்து. விபத்தில் இருந்து முடிவு எடுக்க முடியாது. நுரையீரலை அங்கே வைக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியும்.”

“என் அக்கா அங்கே பதினோரு வருஷமாக நிற்கிறா சேர். அவவிடமும் நுரையீரல் இருக்கிறது. இரண்டு.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். “அவர் நம் பதிவேட்டில் இருக்கிறாரா?” என்று கேட்டார்.

“இல்லை சேர்.”

“பதிவேட்டில் இல்லாததை நான் எப்படிப் பாதுகாப்பது?”

அன்று மாலையே சுற்றறிக்கை பதினொன்று வெளியானது. பதிவேட்டில் ஏறிய எந்த நுரையீரலையும் தூசு உள்ள இடத்தில் ஒரு நிமிஷமும் வைக்கக் கூடாது. வைக்கப்பட்டிருந்தால் அறிந்த கணமே அகற்ற வேண்டும். அகற்றத் தவறும் அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்கப்படும். பெரிய துரைக்கும் டீமேக்கருக்கும் பிரதி.

புதுக் கலங்கள் வர ஒரு வருஷமாகும் என்று தந்தி வந்தது. காலாண்டு அறிக்கைக்கு மூன்று வாரம் இருந்தது. பதிவேடு வெறுமையாக இருந்தால் நிலையத்தை மூடிவிடுவார்கள். பணிப்பாளர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகவும் கடைசித் தடவையாகவும் எனக்கு மூளை வேலை செய்தது. பதிவேட்டைத் திறந்து, எல்.என். 7க்குக் கீழே எழுதினேன்.

‘எல்.என். 8. மூலம்: மனித நுரையீரல். எண்ணிக்கை: இரண்டு. தலைமுறை: மூன்றாவது, தாள் இல்லை. கொள்கலன்: ஒன்று, உயரம் நாலடி பத்தங்குலம், தானாக நடக்கக்கூடியது. தற்போது இருக்கும் இடம்: சலிக்கும் அறை.’

பணிப்பாளர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். “கொள்கலன் கிருமி நீக்கப்பட்டதா?” என்று மட்டும் கேட்டார். தினமும் பீலியில் குளிக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பதினோரு வருஷம் நின்ற பெண்ணுக்குக் கிடைக்காத இடமாற்றம் எல்.என். 8க்கு இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது. பெரிய துரை தன் ஜீப்பையே அனுப்பிவைத்தார். அக்கா பயந்துபோய் நிலைய வாசலில் இறங்கினாள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து விதிகளை வாசித்துக் காட்டினேன். வெப்பமானி வைத்துப் பார்த்ததில் உடம்பு சரியாக முப்பத்தேழு பாகை, ஆகவே பெட்டி தேவைப்படவில்லை. மூன்று நாளைக்கு ஒருதரம் புது உணவு என்றதும், “மூணு நாளைக்கு ஒருக்காவா? அதுக்கு லயமே தேவலடா” என்றாள். சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. மறுநாளில் இருந்து போத்தல் கழுவ ஆரம்பித்தாள். கலங்களை வைத்திருந்த வடிகட்டிய காற்று அவளுக்கு ஒத்துப்போனது.

காலை எட்டு மணிக்கு நான் அவள் இருமலை எண்ணி எழுத வேண்டும் என்பது பணிப்பாளரின் உத்தரவு. முதல் வாரம் மணிக்கு நாற்பது. இரண்டாம் மாதம் பதினைந்து. ஆறாம் மாதம் மூன்று. ஒரு ஞாயிறு அவள் கோயிலின் ஏழு படியையும் நிற்காமல் ஏறி, மேலே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் சலிக்கும் அறையில் ஓர் இடம் காலி. பெரட்டில் வேலை பிரிக்கும் கண்டாக்கு ஐயா, உள்வேலைக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது பதினேழு கை உயர்ந்ததாம். எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் இருந்த ராக்காயி என்னிடம் வந்தாள். கைப்பிள்ளைக்காரி, மழையில் மலைக்குப் போக முடியவில்லை. “ஐவியக்காவுக்கு எழுதிக் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கண்ணே” என்றாள். அந்த அறையைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவள் நாலு பேரிடம் சொல்லுவாள். ஐவி ஏன் போனாள், எப்படிப் போனாள் என்று கேள்வி வரும். பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்கள். ஆகவே சொல்லவில்லை. ‘கடும் உழைப்பாளி, திடகாத்திரமான உடல்நலம் உடையவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். இந்த வாக்கியம் எனக்கு ஏற்கெனவே பாடம்.

எண்பத்திரண்டாம் வருஷக் கடைசியில் பணிப்பாளர் இறுதி அறிக்கையைத் தயாரித்தார். தட்டச்சு செய்தது நான். ‘பதினோரு ஆண்டுகள் தேயிலைத் தூசில் இருந்த எல்.என். 8 நுரையீரல்கள் ஆறு மாதத்தில் தாமாகவே சீரடைந்துள்ளன. ஆகவே தேயிலைத் தூசினால் நிலையான கேடு எதுவும் இல்லை என விஞ்ஞான ரீதியாக நிறுவப்படுகிறது. சலிக்கும் அறைத் தொழிலாளருக்கு இடமாற்றம் அவசியமற்றது.’

“சேர், எல்.என். 8 அந்த ஆறு மாதமும் தூசில் இருக்கவில்லையே. அதை எழுத வேண்டாமா?”

“தூசில் வைக்கக் கூடாது என்பது சுற்றறிக்கை. விதியைப் பின்பற்றினோம் என்பதைத் தனியாக எழுதும் வழக்கம் இல்லை. மேலும், எழுதினால் எல்.என். 8ஐத் திருப்பி அங்கே வைத்துப் பார்க்கச் சொல்லுவார்கள்.”

ஒரு பிழையும் இல்லாமல் தட்டச்சு செய்து, மூன்று பிரதி எடுத்தேன். சபை அறிக்கையை மெச்சியது. பணிப்பாளருக்கு மறுபடி வெளிநாட்டுப் பயிற்சி கிடைத்தது. என் பெயருக்கு முன்னால் சிரேஷ்ட என்று ஒரு சொல் சேர்ந்தது.

எண்பத்துமூன்று மாசியில் ஒரு நாள் ராக்காயி நிலையத்தின் பின்வாசலுக்கு வந்தாள். கையில் கடிதம். முகமெல்லாம் பழுப்பு. படியில் ஏறி நின்றதும் இருமினாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மேல் மாடிக்கு மாற்றச் சொல்லி எழுதிப் போட்டிருந்தாளாம், சபையில் இருந்து இங்கிலீசில் பதில் வந்திருக்கிறது, யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. நான் வாங்கி வாசித்துத் தமிழில் சொன்னேன். எல்.என். 8 ஆய்வின் முடிவுப்படி தூசினால் கேடு இல்லை என்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

“எல்.என். எட்டுன்னா யாருங்கண்ணே? அவுங்க எந்த ஸ்டோர்ல வேல செஞ்சாங்க?”

நான் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். உள்ளே தண்ணீர்க் குழாயடியில் போத்தல் கழுவும் சத்தம் நின்றது. அக்கா ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள்.

“நாந்தான்டி” என்றாள்.

ராக்காயி அவளைப் பார்த்தாள். மூச்சு வாங்காமல் நிமிர்ந்து நிற்கிற அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “அந்தப் பொஸ்தகத்துல இன்னும் எடம் இருக்குங்களாண்ணே?” என்று கேட்டாள்.

பதிவேட்டில் தொண்ணூற்றாறு பக்கம் வெறுமையாக இருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

“விண்ணப்பம் ஒண்ணு எழுதிக் குடு” என்றேன். “மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.”